மானியம் வாசல் தேடி வராது

கிணற்று மோட்டார் சித்திரை மாதத்தில்தான் புகையும். நீர்மட்டம் கீழே போயிருக்கும். மின்னழுத்தம் குறைந்திருக்கும். பயிரோ பூவும் பிஞ்சுமாக நிற்கும். கரூர்ப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கும் அப்படித்தான் நேர்ந்தது. மூன்று ஆண்டுகளில் மூன்றாவது முறையாகக் காயில் கருகியது. பழைய மோட்டாரை மாற்ற அரசு மானியம் உண்டு என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொல்ல, அலுவலகத்துக்குப் போனார். மின் இணைப்பு அட்டையைக் கேட்டார்கள். அது பதினோரு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தது. பட்டாவோ அண்ணன் தம்பி மூவரின் கூட்டுப் பட்டா.

பயிர் காத்திருக்குமா? வட்டிக்கு வாங்கிப் புது மோட்டாரை இறக்கிவிட்டார். நான்கு மாதம் அலைந்து காகிதங்களைச் சரிசெய்துகொண்டு மறுபடி போனபோது, 'முன் அனுமதி பெறாமல் மாற்றியதற்கு மானியம் தர வழியில்லை' என்று சொல்லிவிட்டார்கள். திட்டமும் இருந்தது, அவருக்குத் தகுதியும் இருந்தது. ஆயினும் பணம் கிடைக்கவில்லை. இந்த நிலை மற்றவர்களுக்கு வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

மின்சாரம் இலவசந்தானே?

தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. பிறகு மோட்டார் எவ்வளவு மின்சாரம் குடித்தால் நமக்கென்ன என்று பலர் கேட்கிறார்கள். மின்சாரம் இலவசமாயினும் மும்முனை மின்சாரம் வரும் நேரம் அளவானது. அந்த நேரத்துக்குள் அரை ஏக்கர் பாய்கிறதா, ஒரு ஏக்கர் பாய்கிறதா என்பது மோட்டாரின் திறனைப் பொறுத்தது. ஒரே மின்மாற்றியில் இருபது பழைய மோட்டார்கள் ஒன்றாக இழுத்தால் எல்லாருக்கும் அழுத்தம் குறையும், காயில் கருகும். காயில் கட்டும் கூலி இலவசமன்று. முறையின்றித் திரும்பத் திரும்பக் காயில் கட்டிய மோட்டாரின் திறனும் குறைந்துகொண்டே போகும்.

கிணற்றடியில் ஒரு சோதனை

உங்கள் மோட்டாரின் நிலையை நீங்களே ஓரளவு அறியலாம். 200 லிட்டர் பீப்பாயைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 40 வினாடி ஆனால் வினாடிக்கு 5 லிட்டர். மோட்டார் ஓடும்போது கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 60 அடி என்றால் ஏறக்குறைய 18 மீட்டர். ஐந்தைப் பதினெட்டால் பெருக்கி 75ஆல் வகுத்தால் 1.2 வரும். தண்ணீரை மேலே ஏற்றப் பயன்படும் குதிரைத்திறன் இவ்வளவுதான். குழாய் உராய்வுக்குச் சற்றுச் சேர்த்தாலும் ஒன்றரையைத் தாண்டாது. 5 குதிரைத்திறன் மோட்டாரில் இந்த அளவுதான் கிடைக்கிறது என்றால் பெரும்பகுதி வீணாகிறது என்று பொருள்.

இதற்கு மோட்டார் மட்டும் காரணமாக இருக்காது. அடைப்பு மிகுந்த பழைய புட்வால்வு, துருப்பிடித்த ஒடுங்கிய இரும்புக் குழாய், தேவையற்ற வளைவுகள், தொட்டிக்கு மேல் நாலைந்து அடி தூக்கி வைத்த குழாய் வாய் ஆகியவையும் சக்தியைத் தின்னும். புட்வால்வை மாற்றி, போதிய விட்டமுள்ள பி.வி.சி. குழாய் போட்டு, குழாய் வாயைத் தொட்டி மட்டத்துக்கு இறக்குங்கள். பழுதான கெப்பாசிட்டரையும் மாற்றுங்கள். இவற்றைச் செய்தபின் மீண்டும் பீப்பாய் வைத்துப் பாருங்கள். அப்போதும் நீர் கூடாவிட்டால் மோட்டாரையும் பம்பையும் மாற்றுவதே முறை.

மோட்டாருக்கு மானியம்

பாசன மோட்டாருக்கு அணுக வேண்டிய இடம் வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகம். அங்குள்ள உதவி செயற்பொறியாளரைப் பாருங்கள். திறன் குறைந்த பழைய பம்ப்செட்டை மாற்ற 2023-24இல் சிறு, குறு விவசாயிகளுக்கு ரூ.15,000 அல்லது விலையில் பாதி, இவற்றில் எது குறைவோ அது மானியமாக அறிவிக்கப்பட்டது. தொகையும் இலக்கும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆகவே நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே, இந்த ஆண்டுக்குரிய விதி என்ன என்று நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒதுக்கீடு தீர்ந்தபின் போனால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரிடும்.

புது மோட்டாரில் நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் கூடக்கூடத் திறன் அதிகம். உங்கள் மின் இணைப்பில் எத்தனை குதிரைத்திறன் பதிவாகியிருக்கிறதோ, அதற்கு மிகாமல் வாங்குங்கள். கிணற்றின் ஊற்றுக்கு மீறிய மோட்டாரைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கிணறு வறண்டுவிடும், பணமும் வீண்.

எடுத்து வைக்க வேண்டியவை

1. ஆதார் அட்டை, அதில் இணைத்த கைப்பேசி எண்.
2. சிட்டா, அடங்கல், நில வரைபடம்.
3. வட்டாட்சியரின் சிறு, குறு விவசாயிச் சான்று. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.
4. பாசன மின் இணைப்பு எண் உள்ள அட்டை.
5. வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம்.
6. ஆதி திராவிடர், பழங்குடியினர் எனில் சாதிச் சான்று.

விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பெற்றிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் 'உழவன்' செயலி இருந்தால் மானியத் திட்டங்களை அதிலேயே பார்க்கலாம். அது பழக்கமில்லாதவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

பெயர் மாற்றமே முதல் வேலை

பெரும்பாலான விண்ணப்பங்கள் தடைப்படுவது பெயரில்தான். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். மின் இணைப்பு அப்பா பெயரில் இருக்கும். ஆதாரில் தலைப்பெழுத்து வேறாக இருக்கும். மோட்டார் நல்லபடி ஓடும்போதே இவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் முதலில் வாங்குங்கள். பிறகு பட்டா மாற்றத்துக்கு இ-சேவை மையத்திலும், இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். கூட்டுக் கிணறு என்றால் பங்காளிகளின் சம்மதம் எழுத்தில் வேண்டியிருக்கும். வரப்புத் தகராறு வந்தபின் கையெழுத்து வாங்குவது எளிதன்று. பொங்கலுக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ எல்லாரும் ஒன்றுகூடும் நாளில் பேசி முடிப்பது உத்தமம்.

வீட்டுக் கூரைக்கு

வீட்டு மின்சாரத்துக்கு வேறு திட்டம் உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில், கூரைமேல் சூரிய மின் தகடு அமைக்க முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000, ஆக மொத்தம் ரூ.78,000 வரை மானியம். 2026-27 நிதியாண்டு வரை இத்திட்டத்துக்குக் காலம் வகுத்திருக்கிறார்கள். சொந்த வீடும், உறுதியான கூரையும், வீட்டு மின் இணைப்பும் வேண்டும். பாசன இணைப்புக்கு இது பொருந்தாது.

ஆனால் அவசரப்பட வேண்டாம். முதலில் மின் கட்டண அட்டையைப் பாருங்கள். இரு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்குள் செலவாகும் சிறிய வீட்டுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. கூடுதலாகச் செலவாகும் வீட்டிலும் முதலில் செலவைக் குறைத்துப் பாருங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், புதுவகை பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். அதன்பிறகு எத்தனை கிலோவாட் தேவை என்று கணக்கிடுங்கள். ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரி 4 யூனிட், அதாவது இரு மாதத்துக்கு 240 யூனிட் தரும். நிழல் விழாத கூரை ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். மின்கலம் இல்லாத அமைப்பு, மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதில் பதிவு பெற்ற நிறுவனங்களில் இரண்டு மூன்றிடம் விலை கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தகடு அமைத்து, மின்வாரியம் பார்வையிட்டு இருவழி மீட்டர் பொருத்தியபின், மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுத்தொகைக்கும் வழி செய்துகொள்ள வேண்டும். வங்கிகள் இதற்குக் கடன் தருகின்றன.

கவனம் தேவை

மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். கைப்பேசியில் வரும் இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். விண்ணப்பம் கொடுத்தவுடன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அனுமதி ஆணை கைக்கு வருமுன் எதையும் வாங்காதீர்கள். அந்தக் காலத்தில் மானியம் கிடைக்கிறதே என்று சாண எரிவாயுக் கலன் கட்டி, மாடு இல்லாமல் அதைப் பாழ்போட்டவர்களும் நம் ஊர்களில் உண்டு. தேவை இருந்தால் மட்டுமே மானியம் நமக்கு லாபம்.

கரூர் விவசாயி இப்போது வீட்டுக் கூரைக்கு விண்ணப்பித்திருக்கிறார். இம்முறை வீட்டு மின் இணைப்பை முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே இ-சேவை மையப் படியேறினார். நம் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து, பட்டாவும் மின் அட்டையும் யார் பெயரில் இருக்கின்றன என்று இந்த வாரமே பார்த்துவிட்டால், அடுத்த சித்திரையில் மோட்டார் புகைந்தாலும் வட்டிக் கடைக்குப் போகும் நிலை வராது.