கொல்லிமலை ஆபீஸ் போனில் இருந்து சோமாலியாவுக்கு கால் போகுமா? நடுவில் ஒரு ஃபயர்வால் ஏன் அவசியம்?

அடிவாரக் காரவள்ளியில் இருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆனால், இன்டர்நெட் வழியாக வரும் திருடனுக்கு ஒரு வளைவுகூட கிடையாது!

மிளகு, காபி வியாபாரம் செய்யும் அலுவலகமோ, ஆகாய கங்கை அருவி பார்க்க வருபவர்கள் தங்கும் விடுதியோ, ஒரே நம்பருக்கு வரும் அழைப்புகளை ரிசப்ஷன், கணக்குப் பிரிவு, மேனேஜர் எனப் பிரித்துக் கொடுப்பது பிபிஎக்ஸ். இப்போது வரும் ஐபி பிபிஎக்ஸ், இன்டர்நெட் லைனிலேயே இயங்குகிறது. செலவு குறைவுதான். ஆனால், மோடத்தில் நேரடியாகச் செருகிவிட்டால், வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

ஒரே வார இறுதியில் ஒரு கோடி!

2014 மார்ச்சில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏழு பேர் மட்டுமே வேலை பார்த்த ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்துக்கு, ஒரே வார இறுதியில் 1,66,000 டாலர் போன் பில் வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் ஒரு கோடி ரூபாய். காம்பியா, சோமாலியா, மாலத்தீவு எண்களுக்கு கால் போயிருந்தது. அலுவலகத்தில் யாருமே இல்லை!

இதில் திருடனுக்கு என்ன லாபம்? கூடுதல் கட்டணம் வசூலிக்கும் சில வெளிநாட்டு எண்களுக்கு கால் வந்தால், அதில் ஒரு பங்கு எண்ணை எடுத்தவருக்குப் போகும். அதனால், ஆள் இல்லாத ராத்திரியிலும் விடுமுறையிலும் அடுத்தவர் பிபிஎக்ஸில் புகுந்து, தங்கள் எண்ணுக்குத் தாங்களே அழைக்கிறார்கள். சிறிய நிறுவனம்தானே என்று விடுவதில்லை. திறந்திருக்கும் 5060 என்ற போர்ட்டைத் தேடி, இயந்திரங்களே ஊர் ஊராகத் தட்டிப் பார்க்கின்றன.

என்ன செய்ய வேண்டும்?

* மோடத்துக்கும் பிபிஎக்ஸுக்கும் நடுவில் ஃபயர்வால் வையுங்கள். போன் சேவை தரும் நிறுவனத்தின் ஐபி முகவரியில் இருந்து வருவதை மட்டும் அனுமதித்து, மற்ற எல்லாவற்றையும் தடுக்கச் சொல்லுங்கள்.

* ஃபயர்வால் வைத்த பிறகு மணி அடிக்கிறது, குரல் மட்டும் கேட்கவில்லையா? குரல் போகும் போர்ட்டுகள் அடைபட்டிருக்கலாம். அல்லது 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதி குழப்பியிருக்கலாம். அந்த வசதியை அணைத்துப் பாருங்கள். கோபத்தில் ஃபயர்வாலையே கழற்றிவிடாதீர்கள்.

* நாமக்கல்லில் இருந்தோ வீட்டில் இருந்தோ எக்ஸ்டென்ஷன் பயன்படுத்துபவர்கள் விபிஎன் வழியாக மட்டுமே வரட்டும். பிபிஎக்ஸின் அட்மின் பக்கம் வெளியே தெரியவே கூடாது.

* எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைக்காதீர்கள்.

* ஐஎஸ்டி தேவையில்லை என்றால், சேவை நிறுவனத்திடமே சொல்லி நிறுத்திவிடுங்கள். தேவை என்றால், தினசரி உச்சவரம்பு வையுங்கள். ஃபயர்வாலைத் தாண்டி ஒருவர் புகுந்தாலும் நஷ்டம் அதோடு நிற்கும்.

* பழைய லேண்ட்லைன் போல இது கரன்ட் இல்லாமல் இயங்காது. மோடம், ஃபயர்வால், பிபிஎக்ஸ் மூன்றுக்கும் யுபிஎஸ் தேவை.

பில் எகிறிவிட்டதா?

முதலில் சேவை நிறுவனத்தை அழைத்து, வெளிநாட்டு அழைப்புகளை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிபிஎக்ஸின் கால் பதிவுகளை அழிக்காமல் எடுத்து வையுங்கள். பிறகு, சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் செய்யுங்கள். இதுபோன்ற ஊடுருவலை, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022-ல் பிறப்பித்த உத்தரவு.

இன்று மாலை அலுவலகத்தைப் பூட்டும் முன், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்... மோடத்தில் இருந்து வரும் அந்த ஒயர் நேராக எங்கே போகிறது?