கைலிக் கணக்கும் தோட்டத் துண்டாடலும்

ஒரு குடும்பம் வறுமையில் இருக்கிறதா இல்லையா என்பதை எங்ஙனம் அளப்பது? வருமானத்தைக் கேட்டறியலாமே என்பர். கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். மீனவனுக்குக் கடல் கொடுப்பதே வருமானம். அது நாளுக்கு ஒரு விதம். பால்வெட்டுத் தொழிலாளிக்கு மழை பெய்த நாளில் வெட்டு இல்லை. நெல் விளைவிப்பவன் தன் வீட்டுக்கென எடுத்துவைத்த நெல்லைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்று திகைப்பான். வந்து கேட்பவர் வரி வாங்க வந்தவரோ என்னும் அச்சம் வேறு. ஆகவே ஏட்டில் ஏறும் வருமானம் பெரும்பாலும் ஊகமாகவே நின்றுவிடுகிறது.

இத்தொல்லையைத் தாண்ட, மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் ஒரு வழி கண்டார். அவர் வீட்டிலுள்ள கைலிகளை எண்ணினார். ஓராண்டுக்கு மேற்பட்ட வயதுடையோர் வீட்டில் எத்தனை பேர், கைலிகள் எத்தனை என்று பார்த்து, பின்னதை முன்னதால் வகுத்தார். எட்டுப் பேர் உள்ள வீட்டில் ஆறு கைலிகள் இருந்தால் விடை முக்கால். விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் அவ்வீடு வறிய வீடு; ஒன்றுக்கு மேலே ஏற ஏற வறுமை விலகுகிறது.

கேட்ட மாத்திரத்தில் சிரிப்பு வரலாம். ஆனால், மலாய்க் கிராமத்தின் வாழ்க்கையை அருகிருந்து கண்டவர் சிரிக்கமாட்டார். கைலி ஆணும் பெண்ணும் உடுப்பது, குளிக்கப் போகையில் கட்டுவது, இரவில் போர்வையாவது, கயிற்றில் தொங்கவிட்டால் குழந்தைக்குத் தொட்டிலாவது. கையில் நாலு காசு இருந்தால் புதிது வாங்குவர். முடை வந்தால் கிழிந்ததையே இழுத்துக் கட்டிக்கொள்வர். அது மறைத்து வைக்கும் பொருளும் அன்று. எனவே, வாய் சொல்லத் தயங்குவதைக் கொடியில் காயும் துணி சொல்லிவிடும். நூலகத்தில் உட்கார்ந்து எவரும் இவ்வளவுகோலைக் கண்டுபிடித்திருக்க இயலாது.

இவ்வறிஞர் ஜொகூருக்கு உரியவர். 1922இல் லண்டனில் பிறந்தாரெனினும், ஜொகூர் அரச குடும்பத்தோடு உறவுடையவர். ஜொகூர் பாரு ஆங்கிலக் கல்லூரியில் பயின்றவர். சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்லூரியிலும், போர்க்காலத்தில் ஜப்பானின் வசேடாப் பல்கலைக்கழகத்திலும் கற்றார். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

கிராமத்தான் சோம்பேறி, ஆகையால் ஏழை என்னும் பேச்சு குடியேற்ற ஆட்சிக் காலத்தில் சாதாரணமாக வழங்கியது. உங்கு அசீஸ் அதனை ஏற்கவில்லை. விளைச்சல் குறைவு, இடைத்தரகர் கையில் சிக்கிய வாணிகம், அரசாங்கத்தின் புறக்கணிப்பு ஆகிய மூன்றுமே வறுமைக்குக் காரணம் என்றார். அவர் ஆராய்ச்சிகளுள் ஒன்று விரைவிலேயே பயன் தந்தது. மெக்கா யாத்திரைக்காகக் கிராமத்து மக்கள் பணத்தைத் தலையணைக்குள்ளும் தரைக்கு அடியிலும் பதுக்கி வைத்தனர். போதாக்குறைக்கு நிலத்தையும் மாட்டையும் விற்றனர். அவர்களுக்கென வட்டி கலவாத ஒரு சேமிப்பு ஏற்பாடு வேண்டுமென்று 1959இல் அவர் எழுதிக் கொடுத்தார். 1963இல் அத்தகைய நிறுவனம் இயங்கத் தொடங்கியது. இன்று தாபோங் ஹாஜி என நாடறிந்தது அதுவே.

மற்றோர் ஆராய்ச்சிக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. தோட்டத்துத் தமிழரைப் பற்றியது என்பதால், அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அசீஸின் தலைமையில் பொருளியல் துறை ஆராய்ந்தது. அறிக்கை மூன்று தொகுதிகளாக அமைந்தது. துண்டாடல் என்பது யாது? கொரியப் போரின்போது உச்சத்துக்கு ஏறிய ரப்பர் விலை பிறகு இறங்கியது. பல தோட்டங்களில் மரங்கள் கிழடாகி, வெட்டி எறிந்துவிட்டு மறுநடவு செய்யவேண்டிய நிலையில் இருந்தன. மறுநடவு செய்தால் பால் காண ஆறேழு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். சுதந்திரம் வந்தபின் எப்படியோ என்ற ஐயமும் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு இருந்தது. ஆகவே, விற்றுவிட்டுப் போக முனைந்தனர். வாங்கியவர்களோ பயிரிட வந்தவர்கள் அல்லர். முழுத் தோட்டத்தை ஒரு விலைக்கு வாங்கி, சிறு சிறு துண்டாக அறுத்து, ஏக்கருக்கு அதிக விலை வைத்து விற்றனர். துணி வியாபாரி கட்டுத் துணி வாங்கிக் கெஜக் கணக்கில் விற்பது போலத்தான் இது. ஆனால், துணிக்குள்ளே மனிதர் குடியிருப்பதில்லை.

தோட்டம் என்பது மரங்கள் மட்டுமன்று. பெரட்டுக் களம், பால் பதனிடும் ஸ்டோர், புகைக்கூடம், லயன் வீடுகள், தண்ணீர்க் குழாய், மருந்துக் கொட்டகை, ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்ததே தோட்டம். ஆயிரம் ஏக்கர் சேர்ந்து தாங்கியதைப் பத்து ஏக்கர்க்காரர் தாங்கமாட்டார். ஸ்டோர் ஒருவர் துண்டில் விழும். கிணறு மற்றொருவர் துண்டில் விழும். லயன் வீடு எவருக்கும் வேண்டாத சுமையாகிவிடும். புதிய உடையவர் பெரும்பாலும் பட்டணத்தில் இருப்பார். குத்தகைக்காரர் வந்து, குறைந்த ஆட்களைக் கொண்டு, உள்ள மரத்தை ஒட்ட வெட்டிப் பால் எடுப்பார். தலைமுறையாக அங்கே வெட்டியவர்களுக்கு வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தமையே தோட்ட வாழ்வின் பெருங்குறை.

இங்கே ஒரு சொல்லின் பொருளையும் கவனிக்க வேண்டும். நாட்டின் புள்ளிவிவரத்தில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலமே தோட்டம் எனப்படும். அதற்குக் குறைந்தது சிறு தோட்டம். கோடு கிழித்துத் துண்டு போட்டவுடன், மரம் நின்ற இடத்திலேயே நிற்க, தோட்டம் என்னும் பெயர் மட்டும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பெயர் மறைந்த இடத்தில் வாழ்ந்தவர்களும் தோட்டத் தொழிலாளர் கணக்கிலிருந்து மறைந்தனர்.

பள்ளிக்கூடத்துக்கும் இதுவே கதி. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்பது கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். எனினும், இங்குள்ள தோட்டங்களிலும் அவ்வாறே பள்ளிகள் எழுந்தன. பள்ளி நின்ற நிலம் தோட்டத்தின் நிலம். பிள்ளைகள் தோட்டத்தின் பிள்ளைகள். தோட்டம் கலைந்தால் பள்ளிக்கு நிலமும் இல்லை, பிள்ளையும் இல்லை. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. இக்குறைவு முழுவதையும் துண்டாடலின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. மிகச் சிறிய பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டதும், பின்னாளில் மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்ததும் சேர்ந்த கணக்கு இது.

துண்டாடல் நாட்டின் உற்பத்திக்கும் தொழிலாளர் வாழ்வுக்கும் கேடு. அதனை நிறுத்தவேண்டும் என்பதே அறிக்கையின் போக்கு. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. அரசாங்கம் உடனே சட்டம் செய்யவில்லை. நிலம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. வாங்கி விற்பவரின் உரிமையில் தலையிடலாமா என்ற தயக்கமும் இருந்தது. இதற்கிடையே, அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கினர்; அப்பணத்தில் முதன்முதல் வாங்கப்பட்டது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். சட்டத்துக்காகக் காத்திருந்தால் தோட்டம் தங்காது என்று கண்டு எடுத்த முயற்சி அது. பாராட்டத்தக்கதே. ஆயினும், பத்து வெள்ளிக் கணக்கு எவ்வளவு வேகமாக ஓடினாலும் தரகரின் பணப்பையை முந்துவது அரிது.

பின்னர் சட்டமும் வந்தது. 40 ஹெக்டர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கர், அளவுக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்க்கு மாற்றிக் கொடுக்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தில் 214அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. "இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்" என்னும் தொடரை ஊன்றிப் படிக்க வேண்டும். இது அறுத்து விற்பதைப் பிடிக்கும் வலை. முழுத் தோட்டத்தையும் ஒரே கம்பெனி வாங்கி, மரத்தை அழித்து வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ கொடுத்தால் வலை விரிந்தே கிடக்கும். மீன் வேறு வழியாகப் போய்விடும். ஜொகூர் பாருவைச் சுற்றிலும், கூலாய்ப் பக்கத்திலும் தோட்டங்கள் மறைந்தது இந்தப் பின்னைய முறையில்தான். 1950களின் நோய்க்கு எழுதிய மருந்து, நோய் உருமாறிய பிறகு கைக்கு வந்தது.

கைலிக் கணக்கு எடுத்தவரின் முறை இன்னும் பழுதுபடவில்லை. தோட்டப் பள்ளிகளின் அலமாரிகளில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் உள்ளன. பிள்ளை சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று அவற்றில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே மாதத்தில் பத்துப் பதினைந்து பெயர்களுக்கு எதிரே "பெற்றோர் இடம் மாறினர்" என்று இருந்தால், அந்த மாதம் அத்தோட்டத்தில் நடந்தது என்ன என்று ஆராய்ச்சியாளர் கேட்கலாம். கறையான் அரிப்பதற்கு முன்னே படியெடுத்து வைத்தல் நன்று. ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப் பலகையில் தோட்டம் என்னும் சொல் இன்னும் நிற்கிறது. பள்ளியைச் சுற்றி இருப்பதோ வீடமைப்புப் பகுதி. பலகையில் உள்ள தோட்டத்திலிருந்து இன்று எத்தனை பிள்ளைகள் வருகின்றனர், மற்றவர் எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு பேருந்துக் கட்டணம் கொடுத்து வருகின்றனர் என்று எண்ணிப் பார்க்க, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகலும் ஒரு கணக்கு ஏடும் போதும்.