பழைய லாரிக்கு ஏற்ற ஸ்டியரிங் பாக்ஸ்: தேர்வு செய்வது எப்படி?

பழைய பிக்கப் லாரியை வாங்கிப் பிரித்து, தன் விருப்பப்படி மீண்டும் உருவாக்குவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகத் தொடரும் பொழுதுபோக்கு. 1953 முதல் 1956 வரை வெளிவந்த ஃபோர்ட் எஃப்-100, 1947-இல் அறிமுகமான செவர்லே லாரி வரிசை போன்றவற்றை இன்றும் பலர் தேடி வாங்குகிறார்கள். வாங்கியவுடன் அவர்களின் கவனம் இயந்திரத்தின் மீதும் வண்ணத்தின் மீதும்தான் போகும். ஆனால் இயந்திரம் கெட்டால் லாரி நின்றுவிடும். ஸ்டியரிங் கைவிட்டால் லாரி நிற்காது. அதனால்தான் அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் ஸ்டியரிங் பாக்ஸைப் பற்றி முதலிலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பாடம். வடிவியல், நெம்புகோல் தத்துவம், உலோகத்தின் வலிமை ஆகிய மூன்றும் இந்த ஒரே உறுப்பில் சந்திக்கின்றன.

பாக்ஸின் வேலை என்ன?

ஓட்டுநர் சுழற்றும் வளையம் ஒரு தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் முனையில் திருகு போன்ற ‘வோர்ம்’ பல்சக்கரம் இருக்கிறது. அது குறுக்கே உள்ள இன்னொரு தண்டைச் சிறிதளவு திருப்புகிறது. அதன் வெளி முனையில் தொங்கும் ‘பிட்மேன் ஆர்ம்’ அசைந்து, இணைப்புக் கம்பிகள் வழியாகச் சக்கரங்களைத் திருப்புகிறது. கையின் சிறிய பலத்தைச் சக்கரத்தைத் திருப்பும் பெரிய பலமாக மாற்றுவதே பாக்ஸின் வேலை.

அக்கால ஃபோர்ட் லாரிகளில் வோர்முடன் ஓர் உருளை உரசிச் சுழலும் அமைப்பு இருந்தது. பின்னர் பரவலான அமைப்பில், எஃகுக் குண்டுகள் இடையில் உருண்டோடி உராய்வைக் குறைக்கின்றன.

பழையதையே செப்பனிட்டால் போதாதா என்று கேட்கலாம். லாரி பழைய நிலையிலேயே இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் குறுகிய டயர்களுக்குப் பதிலாக அகலமான ரேடியல் டயர்களையும், கனமான வி-8 இயந்திரத்தையும் பொருத்தினால் முன்சக்கரங்களைத் திருப்பக் கூடுதல் பலம் வேண்டும். அங்கேதான் வேறு பாக்ஸின் தேவை எழுகிறது.

முதல் கேள்வி: கை எந்தப் பக்கம் அசைகிறது?

விலை, பெயர் எல்லாம் பிறகுதான். பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னுமாக அசைகிறதா, இடமும் வலமுமாக அசைகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஃப்-100 போன்ற லாரிகளில் அது முன்னும் பின்னும் அசைந்து, சட்டத்தின் ஓரமாகச் செல்லும் கம்பியைத் தள்ளி இழுக்கிறது. குறுக்காக அசையும் பாக்ஸை வாங்கிவிட்டால் இணைப்புகள் அனைத்தையும் மாற்றியமைக்க வேண்டிவரும்.

லாரி பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மேலும் கீழும் ஆடும். அச்சு நகரும் வளைவும் இணைப்புக் கம்பி நகரும் வளைவும் ஒத்துப்போகாவிட்டால், ஓட்டுநர் வளையத்தைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும். ஆகவே முன் ஸ்பிரிங் பட்டையின் நிலையான முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ, பாக்ஸும் அதே பக்கம் இருப்பது நல்லது.

இன்றைய கார்களில் உள்ள ‘ரேக் அண்ட் பினியன்’ அமைப்பை ஏன் பொருத்தக்கூடாது? அது சட்டத்தில் பொருத்தப்படுவது. ஒரே துண்டாகிய முன் அச்சு சட்டத்திலிருந்து விலகியும் நெருங்கியும் ஆடும்போது மேற்சொன்ன கோளாறு பெரிதாகும். ரேக் வேண்டுமென்றால் முன்பகுதி முழுவதையும் சுயேச்சை சஸ்பென்ஷனாக மாற்ற வேண்டும். 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் II காரின் முன்பகுதி அமைப்பை அமெரிக்காவில் பலர் இதற்காகப் பின்பற்றுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி: விகிதம் எவ்வளவு?

பிட்மேன் ஆர்ம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 72 பாகை நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸின் விகிதம் 20:1 என்றால் வளையம் 1,440 பாகை, அதாவது 4 சுற்றுகள் சுழல வேண்டும். விகிதம் 15:1 என்றால் 1,080 பாகை, 3 சுற்றுகள் போதும்.

சுற்று குறைந்தால் இலாபம்தானே என்று தோன்றும். ஆனால் அதே சக்கரத்தைத் திருப்ப மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலம் வேண்டும். இதோடு 45 செண்டிமீட்டர் வளையத்தைக் கழற்றி, அழகுக்காக 36 செண்டிமீட்டர் வளையத்தைப் பொருத்தினால் தேவைப்படும் பலம் மேலும் 25 விழுக்காடு கூடும். இரண்டும் சேர்ந்தால் முன்பைவிட ஏறத்தாழ 1.67 மடங்கு! பழைய லாரிகளின் வளையம் ஏன் அவ்வளவு பெரியது என்பதற்கு இதுவே விடை.

கைப்பலம் போதாது என்றால் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் பவர் ஸ்டியரிங் இருக்கிறது. விற்பனைக்கு வந்த காரில் இது முதலில் இடம்பெற்றது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். பவர் ஸ்டியரிங் பொருத்தும்போது, பம்ப் தரும் அழுத்தமும் எண்ணெய் ஓட்டமும் பாக்ஸுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஸ்டியரிங் கனக்கும். அல்லது விரல் பட்டாலே திரும்பும் அளவுக்கு இலேசாகி, வேகத்தில் ஆபத்தாகும்.

மூன்றாவது கேள்வி: எடையைத் தாங்குமா?

1970-களின் செவர்லே வேகா காரிலிருந்து எடுக்கப்படும் சிறிய பாக்ஸ், இலேசான பழைய கார்களை மாற்றியமைப்போரிடம் மிகப் பிரபலம். ஆனால் வேகா ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள கார். சுமார் ஒன்றரை டன் எடையுள்ள லாரியின் அகலமான டயர்களை அதே பாக்ஸ் நீண்டகாலம் தாங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஒரு பாக்ஸ் எந்த வாகனத்திலிருந்து வந்தது, அதன் முன் அச்சு எவ்வளவு எடையைச் சுமந்தது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

வலுவான பாக்ஸை வலுவற்ற சட்டத்தில் பொருத்துவதிலும் பயனில்லை. பழைய லாரிகளின் ‘சி’ வடிவச் சட்டம், பாக்ஸ் தள்ளும் வேகத்தில் முறுக்கிக்கொள்ளும். அந்த இடத்தைத் தகடு வைத்து மூடி, போல்ட்டுகள் செல்லும் துளைகளில் குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்து வலுப்படுத்துவார்கள்.

பழைய பாக்ஸை வாங்கும்போது

• பிட்மேன் ஆர்ம் பொருந்தும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் உள்ளே தேய்மானம்.
• பொருத்தும் காதுகளில் விரிசலும், சீல்களில் எண்ணெய்க் கசிவும் இருக்கிறதா என்று கவனியுங்கள்.
• ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி எண்ணி, அதில் பாதியில் நிறுத்துங்கள். அதுவே நடுநிலை. சக்கரங்கள் நேராக இருக்கும்போது பாக்ஸும் அந்த நிலையில் இருக்க வேண்டும்.
• தண்டின் பற்களும் பிட்மேன் ஆர்மின் பற்களும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். பொருந்தாத ஆர்மை வெட்டிப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவது.

நம் நாட்டில்...

அமெரிக்க லாரிகளில் ஓட்டுநர் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். அங்கு சரியாக வேலை செய்யும் பாக்ஸை அப்படியே வலப்பக்கச் சட்டத்துக்கு மாற்றினால், வளையத்தை வலப்பக்கம் திருப்பும்போது சக்கரங்கள் இடப்பக்கம் திரும்ப நேரிடலாம். கம்பிகளின் அசைவைத் தாளில் வரைந்து, அட்டையில் மாதிரி செய்து பார்த்த பிறகே உலோகத்தில் கைவைக்க வேண்டும். இத்தகைய மாற்றங்களைச் செய்வதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) ஒப்புதல் குறித்தும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒப்புதலின்றி வாகனத்தின் அமைப்பை மாற்றிச் சாலையில் ஓட்டுவது குற்றம்.

எந்த பாக்ஸ் சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. கை அசையும் திசை, விகிதம், எடை ஆகிய மூன்றையும் இதே வரிசையில் கேட்டால், பொருந்தாதவை தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும். ஓர் அளவுநாடாவும் பாகைமானியும் இருந்தால், பட்டறையில் நிற்கும் எந்தப் பழைய வாகனத்திலும் மாணவர்கள் இதை இன்றே அளந்து பார்க்கலாம்.