ஒரு கடற்கதையும் பல கருத்துகளும்

ஒரு நூலைப் படித்து முடித்தவரிடம், “நூல் எப்படி இருந்தது?” என்று வினவினால், “நன்றாக இருந்தது” என்றோ, “சலிப்பாக இருந்தது” என்றோ விடை வரும். இவ்விரண்டும் விருப்பையும் வெறுப்பையும் காட்டும் சொற்களே. இன்னும் கருத்துகள் ஆகவில்லை. ஏன் நன்றாக இருந்தது, எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது என்பதை அந்நூலைக் கொண்டே எடுத்துக்காட்டும்போதுதான் அச்சொல் கருத்தாகிறது. அவ்வாறு காரணத்தோடு கூறப்பட்ட கருத்தை மற்றொருவர் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுப்பதற்கும் அவர் நூலையே மீண்டும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரே நூல் பல வாசகரிடம் பல கருத்துகளை எழுப்புவது எவ்வாறு என்பதை, இளையோருக்காக எழுதப்பட்ட ஒரு கடற்கதை வரிசையைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

நூலும் ஆசிரியரும்

ஹெலன் டன்மோர் (1952–2017) இங்கிலாந்து நாட்டுக் கவிஞர், புதின ஆசிரியர். பெரியோருக்காகப் பல புதினங்களைப் படைத்த அவர், இளையோருக்காக எழுதிய கடற்கதை வரிசையின் முதல் நூல் ‘இங்கோ’. அது 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து ‘த டைட் நாட்’ (2006), ‘த டீப்’ (2007), ‘த கிராசிங் ஆஃப் இங்கோ’ (2008) ஆகியவை வெளிவந்தன. அதே கடலுலகைப் பின்னணியாகக் கொண்டு, வேறொரு சிறுமியின் கதையாக ‘ஸ்டார்ம்ஸ்வெப்ட்’ 2012ஆம் ஆண்டு வந்தது. ‘இங்கோ’ என்பது, கதையில் கடலுக்குள் இருக்கும் உலகின் பெயர்.

இக்கதைக்கு வேராக அமைந்தது ஒரு நாட்டார் கதை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால் என்னும் கடலோரப் பகுதி உள்ளது. அங்குள்ள ஸென்னர் என்னும் சிற்றூரின் பழைய தேவாலயத்தில், ஒரு மர இருக்கையின் பக்கத்தில் கடற்கன்னியின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அவ்வுருவத்தின் கைகளில் சீப்பும் கண்ணாடியும் காணப்படுகின்றன. அத்தேவாலயத்தில் இனிய குரலில் பாடி வந்த மேத்யூ ட்ரெவெல்லா என்னும் இளைஞனின் பாட்டில் மயங்கிய கடற்கன்னி ஒருத்தி அவனைக் கடலுக்குள் அழைத்துச் சென்றாள் என்றும், அவன் பின்னர் ஊர் திரும்பவேயில்லை என்றும் அவ்வூர் மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

கதைச் சுருக்கம்

கதையின் தலைவி சஃபயர் என்னும் சிறுமி. அவளுடைய அண்ணன் கானர். அவர்கள் தந்தையின் பெயரும் மேத்யூ ட்ரெவெல்லா என்பதே. தேவாலயத்தில் இருக்கும் கடற்கன்னியின் உருவத்தைத் தந்தை மகளுக்குக் காட்டுவதில் கதை தொடங்குகிறது. பின்னர் ஓர் இரவில் தந்தை படகோடு காணாமற்போகிறார். அவர் கடலில் மூழ்கிவிட்டார் என்று ஊரார் நம்புகின்றனர்; பிள்ளைகள் இருவரும் நம்ப மறுக்கின்றனர்.

காலம் செல்கிறது. கடற்கரைக் குகைப் பகுதியில் சஃபயர், ஃபாரோ என்னும் கடல்மகனைச் சந்திக்கிறாள். அவனுடைய கையைப் பற்றிக்கொண்டு இங்கோவுக்குள் நுழைகிறாள். அங்கே அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துவதில்லை; காற்றையே மறந்து கடலோடு கலக்க வேண்டியிருக்கிறது. உள்ளே சென்றபின் நேரம் கரையில் ஓடுவதைப் போல ஓடுவதில்லை. வீடும் தாயும் நினைவிலிருந்து மெல்ல மங்குகின்றன. கானரோ கரையோடு பிணைந்தவன். இங்கோ அவனை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. அடுத்தடுத்த நூல்களில் கடல் பொங்கி ஊருக்குள் புகுவதும், ஆழ்கடலில் கிராக்கன் என்னும் பேருயிர் விழித்தெழுவதும், கடலுலகைக் கடக்கும் நெடும்பயணமும் இடம்பெறுகின்றன. தந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதை நூலிலேயே படித்து அறிதல் நன்று. நூலைப் பற்றிப் பேசுவோர், இனிப் படிக்கப்போகும் வாசகருக்காகக் கதையின் முடிச்சை அவிழ்க்காமல் விடுவது ஒரு நல்ல மரபு.

சஃபயர் செய்தது முறையா?

இந்நூலைப் படிப்போர் முதலில் வேறுபடக்கூடிய இடம், தலைவியின் நடத்தை ஆகும். அவளைத் தன்னலம் மிக்கவள் என்று ஒரு வாசகர் கருதலாம். கணவரை இழந்த தாய் உழைத்துக் குடும்பத்தைக் காக்கிறார். கடலை எண்ணினாலே அவருக்கு அச்சம். அதனை நன்கு அறிந்திருந்தும் சஃபயர் யாரிடமும் சொல்லாமல் கடலுக்குள் செல்கிறாள். திரும்பி வரும்போது வீட்டில் ஏற்பட்டிருக்கும் கவலையை அவள் முழுவதும் உணர்வதில்லை. இவையெல்லாம் நூலில் உள்ளவையே. ஆகவே இக்கருத்துக்கு அடிப்படை உண்டு.

மற்றொரு வாசகர் இதனை மறுக்கலாம். கதை முழுவதையும் சஃபயரே தன் வாயால் கூறுகிறாள். தான் செய்த தவறுகளையும் அவள் மறைக்கவில்லை. தந்தை உயிருடன் இருக்கிறார் என்று ஊரில் நம்புவோர் எவருமில்லாதபோது, கடல் மட்டுமே அவளுக்கு விடை தரக்கூடிய இடமாகத் தோன்றுகிறது. எனவே அவள் செயலுக்குக் காரணம் தன்னலம் அன்று, துயரம் என்பார் அவர். இரு வாசகரும் ஒரே பக்கங்களைத்தான் படித்தனர். ஒருவர் அவள் செய்ததை நோக்கினார். மற்றவர் அவள் ஏன் செய்தாள் என்பதை நோக்கினார்.

கதை மெல்ல நடக்கிறதா?

இரண்டாவது வேறுபாடு, கதையின் நடை பற்றியது. மாயக்கதை என்றதும் போரும் மந்திரமும் விரைந்து வரும் என எதிர்பார்ப்பவருக்கு ‘இங்கோ’வின் தொடக்கம் நீண்டதாகத் தோன்றும். வீடு, தோட்டம், கடற்கரைப் பாறை, அண்ணன் தங்கையரின் உரையாடல் எனப் பல பக்கங்கள் செல்கின்றன. இதனைக் குறை என்று கூறுவோருக்கு அவ்வாறு கூற உரிமை உண்டு.

ஆயினும், கரை வாழ்க்கை இவ்வளவு விரிவாகக் காட்டப்படாவிட்டால், அதனை இழக்கும் ஆபத்து வாசகருக்கு எவ்வாறு புரியும் என்று வேறொருவர் கேட்கலாம். சஃபயர் எதனை மறக்கத் தொடங்குகிறாள் என்பதை வாசகர் அறிந்திருந்தால்தான் அந்த மறதி அவரை அச்சுறுத்தும். ‘மெல்ல நடக்கிறது’ என்ற ஒரே செய்தி, ஒருவருக்குக் குறையாகவும் மற்றவருக்குத் தேவையாகவும் தோன்றுவதை இங்குக் காணலாம்.

கடல்மக்களின் சினம்

மூன்றாவது வேறுபாடு, கதையின் அறம் பற்றியது. கரைமக்கள் கடலைப் பாழாக்குகின்றனர் என்று ஃபாரோ சினம் கொள்கிறான். முதல் நூலில், தாயின் நண்பரும் நீர்மூழ்கு வீரருமான ராஜர், கடல்மக்களின் முதியோர் இறுதி நாள்களைக் கழிக்கும் புனித இடத்தருகே, அதன் தன்மை அறியாமல் மூழ்க முற்படுகிறார். அதனால் அவர் உயிருக்கே இடர் நேர்கிறது. இங்கே குற்றம் யாருடையது? அறியாமல் நுழைந்தவருடையதா, அறியாதவரை மன்னிக்காத கடலுடையதா? கடலைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தை நூல் ஆழமாக விதைக்கிறது என்று பாராட்டுவோர் ஒருபுறம் இருக்கலாம். ஃபாரோவின் சினம் எல்லா மனிதரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறது என்று குறை காண்போர் மறுபுறம் இருக்கலாம். விடை கூறாமல் வினாவை மட்டும் எழுப்பும் நூலே நெடுநாள் பேசப்படும்.

பழைய கதையோடு ஒப்பிடுதல்

ஒரு நூலை மற்றொரு நூலோடு ஒப்பிட்டும் கருத்துக் கூறலாம். டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சின்னக் கடற்கன்னி’ உலகப் புகழ்பெற்ற கதை. அதில் கடற்கன்னி தன் குரலை இழந்து கால்களைப் பெற்றுக் கரைக்கு வருகிறாள்; விரும்பிய வாழ்வு அவளுக்குக் கிட்டுவதில்லை. 1989இல் டிஸ்னி நிறுவனம் அதனைத் திரைப்படமாக்கியபோது முடிவைத் திருமணமாக மாற்றியது. துயர முடிவே கதைக்கு வலிமை என்பாரும், மகிழ்ச்சியான முடிவே சிறுவர்க்கு ஏற்றது என்பாரும் உள்ளனர்.

ஆண்டர்சன் கதையில் கடலைச் சேர்ந்தவள் கரைக்கு வருகிறாள். டன்மோர் கதையில் கரையைச் சேர்ந்தவள் கடலுக்குச் செல்கிறாள். முன்னவள் ஓர் உலகைப் பெற மற்றோர் உலகை விட்டுவிட வேண்டும். பின்னவளோ இரண்டு உலகிலும் தனக்குப் பங்கு உண்டு என்று உணர்கிறாள். இவ்வாறு ஒப்பிடும்போது ‘இங்கோ’வின் தனித்தன்மை தெளிவாகிறது.

வாசகரின் ஊரும் வாசிப்பும்

வாசகர் எங்கே வளர்ந்தார் என்பதும் அவருடைய கருத்தில் கலந்திருக்கும். இராமேசுவரத்தில் வளர்ந்தவருக்குக் கடல் அன்றாடக் காட்சி. தில்லியிலோ போபாலிலோ வளர்ந்தவருக்கு அது விடுமுறையில் காணும் வியப்பு. தமிழ் கற்ற வாசகருக்கு மற்றொரு பார்வையும் கிட்டும். சங்க இலக்கிய மரபு கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று கூறும். அத்திணைக்கு உரிய உணர்வு இரங்கல்; அதாவது, பிரிந்தவரை எண்ணி வருந்துதல். கரையில் நின்று தந்தைக்காகக் காத்திருக்கும் சஃபயரைத் தமிழ் வாசகர் காணும்போது, நெய்தல் என்ற ஒரு சொல் அக்காட்சியைத் துலக்கிவிடும். இங்கிலாந்து ஆசிரியருக்குத் தமிழ்த்திணை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடலும் காத்திருப்பும் எங்கும் ஒன்றாகவே இணைகின்றன.

கடற்கன்னிக் கதைகளுக்கும் தமிழகக் கடலுக்கும் வேறோர் உறவும் உண்டு. 1493இல் கரீபியக் கடற்பகுதியில் கடற்கன்னியரைக் கண்டதாகக் கொலம்பஸ் குறித்துள்ளார். அவர் கண்டவை மனாட்டி என்னும் கடல்வாழ் பாலூட்டிகள் என்பது அறிஞர் கருத்து. அதன் உறவினமான கடற்பசு, கடற்புல்லை மேய்ந்து பாக் விரிகுடாவில் வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்காக அமைந்த முதற் பாதுகாப்பகம் இதுவே. இச்செய்தியை அறிந்தவர் ஃபாரோவின் சினத்தை வெறுங்கதையாகக் கொள்ளமாட்டார்.

பிறந்த வீட்டில் ஒரு மொழியும் வெளியே மற்றொரு மொழியும் பேசி வளரும் வாசகருக்கு இக்கதை இன்னும் நெருக்கமாகலாம். இங்கோவில் இருக்கும்போது சஃபயர் தன்னை அறியாமலேயே கடல்மொழி பேசுகிறாள். கதையில் ஆங்காங்கே கார்னிஷ் மொழிச் சொற்களும் வருகின்றன. கார்ன்வாலின் பழைய மொழியாகிய அது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆர்வலர் முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. ‘நீ எந்த உலகைச் சேர்ந்தவள்?’ என்னும் வினாவைச் சஃபயர் எதிர்கொள்ளும்போது, இருமொழி வாசகருக்கு அது வேறொருவர் வினாவாகத் தோன்றாது. ஒன்றைப் பற்றிக்கொள்ள மற்றொன்றை மறக்கத்தான் வேண்டுமா என்று அவர் எண்ணத் தொடங்குவார். அவ்வெண்ணமும் நூலைப் பற்றிய கருத்தே. ஆனால், தன் வாழ்வைக் கூறுவதோடு நின்றுவிடாமல், நூலில் எந்த நிகழ்ச்சி அவ்வெண்ணத்தைத் தூண்டியது என்பதையும் அவர் சுட்டிக்காட்ட வேண்டும்.

கருத்தை எழுதும் முறை

நூல் பற்றிய கருத்தை எழுதுவோர் கதையை மிகச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். கதையை முழுவதும் திரும்பச் சொல்வது கருத்து ஆகாது. அடுத்து, தம் எண்ணத்தை ஒரு தொடரில் தெளிவாக உரைத்தல் வேண்டும். பின்னர் அதற்குச் சான்றாக நூலிலிருந்து ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டுதல் வேண்டும். தமக்கு மாறான எண்ணம் கொண்டவர் என்ன கூறக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

“கானர் எனக்குப் பிடித்த பாத்திரம்” என்பது விருப்பம். “தங்கை கடலின் பக்கம் ஈர்க்கப்படும்போதெல்லாம் அவளைக் கரையோடு பிணைத்து வைப்பவன் கானர், அவனில்லாமல் இக்கதை நிலைபெறாது” என்பது கருத்து. முதல் தொடருக்கு மறுமொழி கூற இயலாது. இரண்டாம் தொடரோடு வாதிடலாம். வாதிட இடம் தருவதே நல்ல கருத்தின் அடையாளம்.

மறுமுறை படிக்கும்போது கருத்து மாறுவதும் இயல்பே. பன்னிரண்டு வயதில் சஃபயரின் பக்கம் நின்றவர், இருபது வயதில் அவளுடைய தாயின் பக்கம் நிற்கக்கூடும். நூல் மாறவில்லை, படிப்பவர் வளர்ந்திருக்கிறார்.

சிந்தித்து எழுதுக

1. விருப்பத்திற்கும் கருத்திற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சஃபயர் தாயிடம் கூறாமல் கடலுக்குள் சென்றது முறையா? உம் எண்ணத்திற்குக் காரணம் தருக.
3. ஆண்டர்சன் கதைக்கும் டன்மோர் கதைக்கும் உள்ள ஒரு வேற்றுமையை எழுதுக.
4. நீவிர் எம்மொழியிலேனும் படித்த ஒரு கதையைத் தேர்ந்து, அதனைப் பற்றிய உம் கருத்தைச் சான்றுடன் பத்து வரிகளில் தமிழில் எழுதுக. பின்னர் அதே கதையைப் பற்றி வீட்டில் உள்ள ஒருவரின் கருத்தைக் கேட்டு, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதைக் குறிப்பிடுக.