இனிப்பு நீர்க்காரர் நடக்கலாமா?



ஒருவருக்கு இனிப்பு நீர் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால், அன்று மாலையே வீட்டார் நாற்காலியைப் போட்டு, "இனிமே அசையாம உட்காருங்க" என்று சொல்லிவிடுவது நம் தோட்டங்களில் வழக்கம். அன்பினால் செய்கிற காரியந்தான். ஆனால் நோய்க்கு அந்த நாற்காலி நல்ல தோழன்.

நம் பாட்டிமார் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் சீவி, பால் வாளி சுமந்தவர்கள். அவர்களுக்கு வேலையே பயிற்சி. இன்று ஜொகூரில் எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் போகிறார்கள். நடை போயிற்று; சீனி போட்ட தேநீர் மட்டும் போகவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. இந்தியரிடையே மட்டும் அது 31.

நடப்பதால் என்ன பயன்? உண்ட சோறு சீனியாகி இரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள் நுழைய இன்சுலின் என்னும் சாவி வேண்டும். இந்நோயில் சாவி குறைந்துபோகிறது, அல்லது பூட்டில் சரியாகத் திரும்புவதில்லை. தசை வேலை செய்யும்போதோ, அந்தச் சாவிக்குக் காத்திராமல் இன்னொரு கதவு திறக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டும் கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. ஏற்கெனவே உடலால் உழைத்தவர்களுக்கு அங்கே புதுப் பயிற்சி எதுவும் தரவில்லை; அந்த உழைப்பையே விடாதிருக்கச் சொன்னார்கள்.

சரி, எவ்வளவு நடப்பது? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டுக் கணக்கைக் கொடுப்போமா? ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளியான ஓர் அம்மா, முழங்கால் வலியோடு, முதல் வாரம் லயத்துக் கோடி வரைதான் நடந்தார். அடுத்த வாரம் கோயில் வரை. நடக்க முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்தார். (நாற்காலிக்கும் ஒரு நல்ல உபயோகம்!) வாரத்திற்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அங்கே மெல்லச் சேர்ந்தால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு மூச்சில் முட்டினால் வேகம் அதிகம்.

நமக்குத் தெரிந்த ஒருவர், மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் விடியற்காலையில் ஓடப் போனார். கை நடுங்கி, வியர்த்து, வாய்க்கால் ஓரம் விழுந்துகிடந்தார். சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. இன்சுலினோ, சீனியை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். சாப்பிட்ட பின் நடப்பது நல்லது.

சிலிப்பரில் நடக்காதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. திரும்பியதும் விரலிடுக்கு வரை பாருங்கள். நெஞ்சு அடைத்தால் உடனே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். கண்ணின் பின்புறம் இரத்தக் கசிவு உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்க வேண்டாம்.

கிளினிக்கிற்குப் போகும் நாளில், எத்தனை நிமிடம் நடந்தோம் என்று எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். எழுத வராதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அந்த வேலையைப் பள்ளியில் நாமே கொடுத்துவிடுகிறோம்.