மழைத்துளிக்குப் பின்னால் ஒரு மான்

உங்கள் வகுப்பில் மூக்குக் கண்ணாடி அணிந்த நண்பர் ஒருவர் இருப்பார். மழையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வரும்போது அவர் படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எதிரே வருவது லாரியா, பஸ்ஸா என்பதே தெரியாது என்பார். இதே தொல்லையைத் துப்பாக்கியும் கையுமாக அனுபவிக்கும் ஒருவரைத்தான் இப்போது நாம் பார்க்கப் போகிறோம். அவர் ஸ்காட்லாந்து மலைகளில் செம்மான்களைத் தேடி அலையும் வேடர்.

"மானைச் சுடுவதா?" என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஸ்காட்லாந்தின் நிலை வேறு. மானைத் தின்று வாழ்ந்த ஓநாய் இனம் அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. தடுக்க ஆளில்லாமல் பெருகிய மான்கள் இளங்கன்றுகளை முளைக்க முளைக்க மேய்ந்துவிடுவதால் புதிய காடு எழும்புவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையைச் சுட்டுக் குறைக்கிறார்கள். இறைச்சி உணவாகிறது. இந்த ஏற்பாடு சரியா என்று அங்கேயே வாதம் உண்டு. ஆனால் சுடுவதென்றால் ஒரே குண்டில் மான் விழ வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காயத்தோடு மூடுபனிக்குள் ஓடி மறைந்த மான் எங்கோ புதரடியில் பல மணி நேரம், சில வேளை பல நாட்கள், துடித்துச் சாகும்.

அந்த மலைகளின் மேற்குப் பகுதியிலோ ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. கலைமான்கள் உரக்கக் குரலெழுப்பித் துணை தேடுகிற செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழையும் காற்றும் மூடுபனியும் மாறி மாறி வரும். வேடர் ஈரப் புல்லில் வயிறு தேய ஊர்ந்து போய்க் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தால், உள்ளே எல்லாம் பால் கலங்கினாற்போல் இருக்கிறது!

துப்பாக்கியின் மேல் பொருத்தும் இத்தொலைநோக்கியை 'ஸ்கோப்' என்பார்கள். பழைய வகை ஸ்கோப்பில் லென்சுகளும் நடுவே குறுக்குக் கோடுகளும் மட்டுமே உண்டு. மானிடமிருந்து வரும் ஒளி நேராகக் கண்ணுக்கு வந்துவிடும். டிஜிட்டல் ஸ்கோப்பில் அப்படியில்லை. முன்புற லென்சு பிம்பத்தை ஒரு சிலிக்கான் சில்லின் மேல் விழச் செய்கிறது. சில்லில் இருக்கும் இலட்சக்கணக்கான நுண்கட்டங்கள் ஒளியை மின்னேற்றமாக மாற்றுகின்றன. ஒரு சிறு கணிப்பொறி அவற்றை எண்களாக்கிச் சீர்செய்து, கண்ணருகே உள்ள சின்னஞ்சிறு திரையில் படமாகக் காட்டுகிறது. குறுக்குக் கோடுகளையும் கணிப்பொறியே வரைகிறது. ஆகவே வேடர் பார்ப்பது மானை அன்று, மானின் தொலைக்காட்சிப் படத்தை! இப்படி ஒளியை மின்னேற்றமாகப் பிடிக்கும் சில்லுகளுள் ஒருவகையை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். அதற்காக 2009இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

மங்கிய அந்தி வெளிச்சத்தில் இந்த மின்னணுக் கண் நம் கண்ணைத் தோற்கடித்துவிடும். மழையில் என்ன செய்யும்?

முதலில் லென்சின் மேல் விழும் துளியைக் கவனிப்போம். லென்சின் விட்டம் 50 மில்லிமீட்டர், துளியின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். பரப்பளவைக் கணக்கிட்டால் ஒரு துளி மறைப்பது லென்சில் 0.36 சதவீதமே. இருபது துளி விழுந்தாலும் 7 சதவீதம்தான். பிறகு ஏன் படம் கெடுகிறது? ஒவ்வொரு துளியும் தானே ஒரு குட்டி லென்சு. வானத்தின் வெளிச்சத்தை அது கண்டபடி வளைத்துச் சில்லு முழுவதும் தெளித்துவிடுகிறது. துளிகள் தனித்தனியாகத் தெரிவதில்லை, படத்தின் மேல் சாம்பல் நிறத் திரை போட்டாற்போல் ஆகிறது. இதற்கு மருந்து எளியது. லென்சுக்கு முன்னால் குழல் போன்ற மறைப்பும், சுடும் கணம் வரை மூடியும் இருந்தால் போதும். சட்டை நுனியால் துடைப்பதுதான் பெருந்தவறு. இருபது துளிகளைத் தேய்த்து ஈரப் படலமாக்கினால் 7 சதவீதம் 100 சதவீதமாகிவிடும் அல்லவா?

அடுத்தது மூச்சு. கண்ணாடிச் சன்னலில் 'ஹா' என்று ஊதிப் பாருங்கள். கண்ணாடியின் வெப்பநிலை, மூச்சுக் காற்றின் பனிநிலையைவிடக் குறைவாக இருப்பதால் நீராவி நுண்துளிகளாகப் படிகிறது. மலையேறி இளைத்த வேடர் குளிர்ந்த ஸ்கோப்பில் முகத்தை வைத்ததும் கண்ணருகு லென்சில் இதுவேதான் நடக்கும். ஸ்கோப்புக்குள்ளேயே படிந்தால் துடைக்கவும் வழியில்லை. அதனால்தான் நல்ல ஸ்கோப்புகளின் குழலில் ஈரமற்ற நைட்ரஜன் வாயுவை நிரப்பி இறுக மூடுகிறார்கள். டிஜிட்டல் வகையில் பாட்டரி மாற்றும் மூடி, மின்னிணைப்புத் துளை என்று நீர் நுழையக்கூடிய வாசல்கள் அதிகம். 'ஐபி 67' என்ற குறி பொறித்திருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். மூடியைச் சரியாகத் திருகியிருந்தால்தான்!

துளியையும் மூச்சையும் வெல்லலாம். மூடுபனிதான் பெரிய எதிரி. அது லென்சின் மேல் இல்லை. வேடருக்கும் மானுக்கும் இடையே உள்ள 200 மீட்டர் காற்றில் மிதக்கிறது. 50 மீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டரில் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. மானுக்கும் பின்னாலுள்ள புல்லுக்கும் ஒளியில் 40 அலகு வேறுபாடு இருந்தது என்றால், இப்போது அது இரண்டரை அலகு! பனி சிதறடிக்கும் வெள்ளொளி வேறு மேலே வந்து சேர்கிறது. "கணிப்பொறி அந்த வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டாதா?" என்று கேட்பீர்கள். காட்டும். ஆனால் சில்லில் எப்போதும் ஒரு மின்சலசலப்பு உண்டு. அது 2 அலகு என்றால் அதையும் சேர்த்தே பெருக்கும். படம் பளிச்சென்று ஆகும், விவரம் கூடாது. என் எண்ணத்தில் இந்தக் கருவியின் ஆபத்தான குணம் இதுதான். பழைய ஸ்கோப் மங்கலாகத் தெரிந்து எச்சரித்தது. இது பிரகாசமான படத்தைத் தந்து தைரியம் ஊட்டுகிறது. கலைமானுக்குப் பின்னால் பிணைமானும் குட்டியும் நிற்பது அந்தப் படத்தில் தெரியாமலே போகலாம்.

சரி, அகச்சிவப்பு விளக்கை ஏற்றினால்? இரவில் பயன்படுத்த இந்த ஸ்கோப்புகளில் 0.85 மைக்ரான் அலைநீளமுள்ள விளக்கு வைப்பதுண்டு. (ஸ்காட்லாந்தில் இரவில் மான் சுடத் தனி அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவரும் இரவு நோக்கிகளைப் பயன்படுத்த இருந்த தடை 2023இல் நீக்கப்பட்டது.) வானம் நீலமாவதற்குக் காரணமான சிதறலை நீங்கள் படித்திருப்பீர்கள். நீண்ட அலைகள் குறைவாகச் சிதறும் என்பது அதன் விதி. ஆனால் காற்றின் மூலக்கூறுகளைப் போல அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்கே அது பொருந்தும். மூடுபனித் துளியின் விட்டமோ பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான். அதற்கு முன் 0.5 மைக்ரான் பச்சையும் ஒன்றுதான், 0.85 மைக்ரான் அகச்சிவப்பும் ஒன்றுதான். மூடுபனியில் காரின் பெரிய விளக்கைப் போட்டால் முன்னே வெள்ளைச் சுவர் எழுமே, அதே சுவர்தான் இங்கும் எழும். மழையிலோ, பக்கத்தில் விழும் துளிகள் தொலைவிலுள்ள மானைவிடப் பன்மடங்கு ஒளிர்ந்து வெள்ளைக் கோடுகளாய்ப் பாயும்.

உடல் வெப்பத்தைக் காணும் கருவிகள் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள கதிர்களைப் பிடிப்பவை. மெல்லிய பனியில் அவை ஓரளவு தேறும். ஆனால் நாள் முழுதும் நனைந்தால் பாறை, புல், மானின் ஈர உரோமம் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுகின்றன. அங்கேயும் படம் வெளுத்துப் போகிறது.

தொலைவு அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லேசர்த் துடிப்பு 200 மீட்டர் சென்று திரும்ப ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் 1.33 பங்கு நேரம் ஆகும். மூடுபனித் துளிகளில் பட்டு முன்னதாகவே திரும்பினால் கருவி 100 மீட்டர் என்று சொல்லிவிடலாம். அதனால் என்ன? குண்டின் சராசரி வேகம் வினாடிக்கு 750 மீட்டர் என்று கொண்டு, ½gt² என்ற சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் செல்வதற்குள் குண்டு 9 சென்டிமீட்டர் தாழும். 200 மீட்டரில் 35 சென்டிமீட்டர்! ஸ்கோப்பைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தி இதில் ஒரு பகுதியை ஈடு செய்திருப்பார்கள். அப்படியும் 100 மீட்டருக்குச் சீர்செய்த துப்பாக்கி 200 மீட்டரில் ஏறத்தாழ ஒரு கையளவு கீழே அடிக்கும். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். உயிர் போக வேண்டிய இடத்தைத் தவறவிட்டுக் கால் உடைந்துபோக இந்தக் கையளவே போதும்.

ஆகவே அனுபவமுள்ள வேடர் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக ஒரு பாறைக்குப் பின்னே ஒதுங்கி, ஸ்கோப்பின் மூடியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். குளிரில் விரைவில் சோர்ந்துபோகும் மாற்றுப் பாட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறார். பனி விலகினால் இன்னும் அருகே ஊர்ந்து போவார். விலகாவிட்டால் இறைச்சி சுமக்க வந்த மட்டக்குதிரை வெறும் முதுகோடு வீடு திரும்பும்.

வீடு வந்ததும் ஸ்கோப்பைக் கணப்படுப்பின் அருகே வைக்க மாட்டார். திடீர் வெப்பம் அதற்கு ஆகாது. பாட்டரியைக் கழற்றி, வெளிப்புறத்தை ஒற்றியெடுத்து, வெப்பமில்லாத அறையில் திறந்தபடியே இரவு முழுதும் உலர விடுவார். ஈரத்தோடு பெட்டியில் பூட்டினால் லென்சில் பூஞ்சை பிடித்துவிடும். மறுநாள் மலை ஏறுமுன் 100 மீட்டரில் தாள் ஒன்றை நட்டு ஒரு குண்டு சுட்டுப் பார்ப்பார். நேற்றுப் பாறையில் சறுக்கியபோது ஸ்கோப் இம்மியளவு நகர்ந்திருந்தாலும் தாளில் தெரிந்துவிடும்.