ப்ளீச் செய்த முடியின் பராமரிப்பு

ப்ளீச் செய்த முடியின் பராமரிப்பு என்பது, வேதிப்பொருள்களால் இயற்கை நிறம் நீக்கப்பட்டு வலுவிழந்த தலைமுடியை மேலும் கெடாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். தோலுக்கு வெளியே தெரியும் முடியில் உயிரணுக்கள் இல்லை. ஆகவே அது வெட்டுக்காயம் போலத் தானாக ஆறுவதில்லை. உண்ணும் உணவின் சத்தும் அதைச் சென்றடைவதில்லை. முடியைப் புதுப்பிப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்கள் பெரும்பாலும் மேற்பரப்பை வழவழப்பாக்கி, உரசலைக் குறைத்து, முறிவைத் தள்ளிப்போடுகின்றன. இதுவும் சிறிய பயன் அன்று. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. 30 செ.மீ. நீள முடியை முழுவதும் ப்ளீச் செய்தவர், அதே நீளத்துக்குப் புதுமுடி வளர இரண்டரை ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை பழைய முடி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே பராமரிப்பின் நோக்கம்.

சேதம் ஏற்படும் விதம்

முடியின் உட்பகுதி புறணி எனப்படும். முடிக்கு நிறம் தரும் மெலனின் நிறமி இங்குதான் உள்ளது. புறணியைச் சுற்றி, ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் 5 முதல் 10 அடுக்குகளாக அமைந்துள்ளன.

அழகு நிலையங்களில் ப்ளீச் பொடியையும் டெவலப்பர் எனப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு திரவத்தையும் கலந்து பூசுகின்றனர். பொடியில் உள்ள காரப் பொருள்கள் முடியை உப்பச் செய்து செதில்களைத் திறக்கின்றன. பெராக்சைடும் பொடியின் பெர்சல்பேட் உப்புகளும் உள்ளே நுழைந்து மெலனினை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கின்றன. கருமுடி முதலில் செம்பழுப்பாகவும், பிறகு ஆரஞ்சாகவும், அதன்பின் மஞ்சளாகவும் மாறுகிறது. தெற்காசியர்களின் அடர்ந்த கருமுடி வெளிர் மஞ்சளை எட்டக் கூடுதல் நேரமோ பல சுற்றுகளோ தேவைப்படுவதால் சேதமும் அதற்கேற்பக் கூடுகிறது. டெவலப்பரின் வலிமையை வால்யூம் என்ற அளவில் சொல்வர்: 20 வால்யூம் என்பது 6% பெராக்சைடு, 40 வால்யூம் என்பது 12%.

பெராக்சைடு நிறமியை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்குவதில்லை. முடியின் புரதமான கெரட்டினில், இழைகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் டைசல்பைடு பிணைப்புகளையும் அது உடைத்துச் சிஸ்டீக் அமிலமாக மாற்றுகிறது. வழக்கமான ப்ளீச்சிங்கிலேயே இப்பிணைப்புகளில் 15 முதல் 25% வரை அழிகின்றன. கடுமையான ப்ளீச்சிங்கில் இழப்பு 45% வரை செல்லக்கூடும். முடி ஈரமாக இருக்கும்போது அதன் வலிமை பெரும்பாலும் இப்பிணைப்புகளையே சார்ந்திருக்கிறது. ப்ளீச் செய்த முடி குளித்தவுடன் ரப்பர்போல நீண்டு அறுவது இதனால்தான்.

செதில்களின் மேல் வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலமும் ப்ளீச்சிங்கில் நீங்கிவிடுகிறது. நீரை விலக்கிவந்த முடி அதன்பின் நீரை உறிஞ்சத் தொடங்குகிறது; உப்புகிறது; உலர நேரம் பிடிக்கிறது. உலர்ந்தபின் சொரசொரப்பாகிச் சிக்குப் பிடிக்கிறது.

வரலாறு

ஹைட்ரஜன் பெராக்சைடை 1818 இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ஜாக் தெனார் கண்டறிந்தார். 1867 இல் நடந்த பாரிசு உலகக் கண்காட்சியில் அதைக் கொண்டு முடியை வெளுக்கும் முறை காட்டப்பட்டது. 1931 இல் வெளிவந்த பிளாட்டினம் பிளாண்ட் திரைப்படமும் அதில் நடித்த ஜீன் ஹார்லோவின் கூந்தலும் இப்பழக்கத்தைப் பரப்பின.

கழுவுதலும் கண்டிஷனரும்

சேதமடைந்த முடிக்கு மிகுந்த பயன் தரும் பொருள் விலை குறைந்த சாதாரண கண்டிஷனர்தான். ப்ளீச்சிங்கில் உருவாகும் சிஸ்டீக் அமிலம் முடிக்கு எதிர்மின்னூட்டம் தருகிறது. கண்டிஷனரில் உள்ள செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை. எனவே முடி எங்கு அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கேயே இவை அதிகம் படிகின்றன. ஒவ்வொரு முறை ஷாம்பு போட்ட பிறகும், குறிப்பாக நுனிப் பகுதியில், இதைத் தடவிச் சில நிமிடங்கள் விட்டு அலச வேண்டும். அடுத்த கழுவலில் இப்படலம் கரைந்துவிடும் என்பதால் ஒருநாள் செய்து மறுநாள் விடுவதில் பயனில்லை.

ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து இறங்கும் நுரையே நீளமுடியைச் சுத்தம் செய்துவிடும். நாள்தோறும் தலைக்குக் குளிப்பதைக் குறைப்பதும் நல்லது. ஒவ்வொரு நனைவிலும் முடி உப்பிச் சுருங்குவதால் செதில்கள் மேலும் பெயர்கின்றன. ஈர முடியைத் துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி எடுக்க வேண்டும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரத்துடன் இறுக்கமாகப் பின்னுவதும் கொண்டை போடுவதும் கூடாது.

தேங்காய் எண்ணெய்

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கும் பழக்கத்துக்கு இவ்விடத்தில் ஆய்வு ஆதரவு உண்டு. 2003 இல் ரெலே, மோகிலே ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகியவை ஒப்பிடப்பட்டன. கழுவுவதற்கு முன்போ பின்போ தடவியபோது, ப்ளீச் செய்த முடியிலும் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் முதன்மைக் கொழுப்பு அமிலமான லாரிக் அமிலம் சிறியது, நேரான சங்கிலி அமைப்புடையது. அதனால் முடிக்குள் நுழைகிறது. அந்த ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் இத்துடன் சேர்த்தே படிக்க வேண்டும். எண்ணெய் உடைந்த பிணைப்பை ஒட்டாது. நீர் உட்புகுவதைக் குறைத்து, இருப்பதைக் காக்கும். குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு நீளமுடியில் தடவினால் போதும்.

வெப்பமும் நீரும்

அயர்ன் எனப்படும் சூடான இடுக்கியால் முடியை நேராக்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஈரமுள்ள முடியில் அதிக வெப்பம் படும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்குகிறது. அந்த இடத்தில் முடி ஒடிகிறது. பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில் முடி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும்; வெப்பம் 180 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது.

நீச்சல்குளத்தில் வெளுத்த முடி பச்சையாவதற்குக் குளோரின் மீது பழி போடுவது வழக்கம். உண்மையில் நீரில் கரைந்துள்ள செம்பு முடியில் படிவதே காரணம். இறங்குமுன் நல்ல நீரில் முடியை நனைத்துக் கண்டிஷனர் தடவிக்கொண்டால் குளத்து நீர் குறைவாகவே உள்ளே செல்லும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் இதேபோல் முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்குகின்றன. உலோகங்களைப் பிணைத்து அகற்றும் ஈடிடிஏ கலந்த ஷாம்புவை எப்போதாவது பயன்படுத்தலாம்.

பிணைப்புச் சீராக்கிகளும் வீட்டு முறைகளும்

2014 முதல் ஓலாப்ளெக்ஸ் போன்ற, பிணைப்புகளைச் சீராக்குவதாகச் சொல்லும் பொருள்கள் புகழ்பெற்றுள்ளன. உடைந்த கந்தக முனைகளை மீண்டும் இணைப்பதாகத் தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். ப்ளீச்சிங் நடக்கும்போதே சேர்ப்பதற்கும் இத்தகையவை உள்ளன. அவற்றைச் சேர்த்துவிட்டோம் என்ற துணிவில் கூடுதல் நேரம் ப்ளீச்சை விட்டுவைப்பது ஆபத்து. ஊதா நிற ஷாம்பு மஞ்சளை மறைக்கும் சாயம் மட்டுமே. பராமரிப்புப் பொருள் அன்று.

முட்டையின் புரத மூலக்கூறுகள் பெரியவை என்பதால் முடிக்குள் நுழைவதில்லை. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் நிற்பது முடியை மேலும் வெளுக்கும். சமையல் சோடா காரத்தன்மையுடையதால் செதில்களை மீண்டும் திறந்துவிடும். சீயக்காய்த் தூளை அப்படியே தேய்த்தால் அதன் துகள்கள் உரசும்; கரைத்து வடிகட்டிய நீர் நல்லது. மருதாணியில் கவனம் தேவை. தூய மருதாணி வெளுத்த முடியில் பளிச்சென்ற ஆரஞ்சாகப் பிடிக்கும், எளிதில் போகாது. உலோக உப்புகள் கலந்த மருதாணிப் பொடியோ, அத்தகைய சாயமோ பூசிய முடியில் பிறகு பெராக்சைடு பட்டால் வெப்பம் உண்டாகி முடி கருகக்கூடும். ப்ளீச் செய்யச் செல்பவர் முன்பு பூசியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்க்கச் சொல்வதும் அவரது உரிமை.

மருத்துவரை அணுக வேண்டிய நிலை

முடி முறிவதும் உதிர்வதும் ஒன்றல்ல. முறிந்த முடி குட்டையாக, இரு முனையிலும் வேரில்லாமல் இருக்கும். உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெண்ணிறக் குமிழ் தெரியும். முறிவுக்கு மேற்கண்ட முறைகள் உதவும்; உதிர்வு தொடர்ந்தால் தோல் மருத்துவரைக் காண வேண்டும். ப்ளீச் செய்யும்போது எரிச்சல் கடுமையானால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கழுவிவிட வேண்டும். கொப்புளமோ புண்ணோ தோன்றினால் சிகிச்சை அவசியம். ஆழமான தீப்புண் மயிர்க்கால்களை அழித்து, அந்த இடத்தில் முடி மீண்டும் வளராமல் செய்துவிடும். பெர்சல்பேட் உப்புகளால் சிலருக்கு ஒவ்வாமையும் மூச்சுத்திணறலும் ஏற்படுகின்றன. நாள்தோறும் அப்பொடியைக் கலக்கும் அழகு நிலையப் பணியாளர்களுக்கு இது தொழில்சார் ஆஸ்துமாவாக மாறுவதுண்டு.

புதுமுடி வளரும் காலம்

வேரிலிருந்து வளரும் கருமுடி உறுதியாகவும் அதைத் தொடரும் வெளுத்த பகுதி நலிந்தும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் முறிவு எளிதில் நேரும் என்பதால் சிக்கெடுக்கும்போது அதற்கு மேலே முடியைக் கையால் பிடித்துக்கொள்வது நல்லது. நிறத்தைத் தொடர விரும்புவோர் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் ப்ளீச் பூச வேண்டும்; ஏற்கெனவே வெளுத்த பகுதியின் மேல் அது மீண்டும் படக் கூடாது. பிளவுபட்ட நுனியை எந்தப் பொருளாலும் நிலையாக ஒட்ட முடியாது. பிளவு மேலேறுவதற்குள் சில வாரங்களுக்கு ஒருமுறை கத்தரித்துவிட வேண்டும்.